எட்டாவது ஸ்பூன்

நகக்கண்ணில் உப்புத்தண்ணீர் ஏறினால் ஒரு எரிச்சல் வரும்... சின்னதுதான், ஆனால் நாள் முழுக்க விடாது.

பத்தாம் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு அப்படி எரிந்தது. வலது கை ஆள்காட்டி விரல். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வகுப்புப் பசங்க முக்கால்வாசிப் பேர் இந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறீர்கள். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கலையரசி மிஸ்ஸை ஞாபகம் இருக்கா?

பி.எட். படித்துக்கொண்டிருந்தவர். நம்ம அறிவியல் சார் ட்ரெய்னிங் போன ஒரு மாதம் நமக்குப் பாடம் எடுக்க வந்தார். திருமழபாடியிலிருந்து முதல் பஸ். அரியலூரில் இறங்கி இன்னொரு பஸ். தலை ஈரம் காயாமலேயே ப்ரேயரில் வந்து நிற்பார்.

அவருடைய காலேஜிலிருந்து ஒரு மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடும் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாளே நமக்கு ஒத்திகை நடந்தது. கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. பின்னால் இருந்து பார்க்கும் மேடத்துக்கு எல்லார் கையும் மேலே நிற்கும். வலது கையைப் பார்த்து மட்டும் மிஸ் எழுப்புவார்.

"இந்தக் கிளாஸ் நல்லா போனாதான்டா எனக்கு மார்க்கு. காப்பாத்தி உட்ருங்க," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பாடம் கரைசல்கள். நூறு மில்லி தண்ணீரில் முப்பத்தாறு கிராம் உப்புதான் கரையும், அதற்கு மேல் போட்டால் அடியில் நின்றுவிடும், அதுதான் தெவிட்டிய கரைசல். மிஸ் ஒரு பீக்கரில் செய்து காட்டினார். ஒரு ஸ்பூன் அஞ்சு கிராம். ஏழு ஸ்பூன் வரை மாயமாய்ப் போனது. எட்டாவது, அடியில் வெள்ளையாய் நின்றது. நாம கைதட்டினோம்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது என்று தெரிந்து, கலக்குகிற வேலையை எனக்குக் கொடுத்தார். நான் ஒரு கேள்வி கேட்டேன். முன்னாடியே உப்பு நிறைந்த தண்ணீரில் போட்டால் முதல் ஸ்பூனே நிற்குமா?

"நிக்கும். ஆனா நாளைக்கு இதெல்லாம் கேக்காத. நீ கலக்கு, அது போதும்."

அது போதும்... அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. இப்போது யோசித்தால் அதில் ஒன்றுமே இல்லை. அவர் பயத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் ப்ரேயர் நடக்கும்போது நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். சோதனைக்காக மேஜை மேல் மிஸ் வைத்திருந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் என் கையில். சத்துணவுக் கூடத்திலிருந்து நாலு பிடி கல் உப்பு. பாட்டில் தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டு விரலாலேயே கலக்கு கலக்கென்று கலக்கி, கர்ச்சீப்பில் வடிகட்டி, பாட்டிலை நிரப்பி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். பார்க்க நல்ல தண்ணீர் மாதிரியே இருந்தது.

மேடம் வந்தார். மிஸ் பாடத்தை அருமையாகத்தான் ஆரம்பித்தார். பீக்கரில் தண்ணீர் ஊற்றி, "எத்தனை ஸ்பூன் கரையுதுன்னு எண்ணுங்க," என்று முதல் ஸ்பூனைப் போட்டார்.

நான் கலக்கினேன். கரையவில்லை.

இன்னும் கலக்கினேன். உப்பு சுற்றிச் சுற்றி வந்து அடியில் உட்கார்ந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான். மிஸ் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடாமல் கேட்டார், "ஏன் கரையல? யாராவது சொல்லுங்க."

பழக்கிய பழக்கம். எல்லார் கையும் மேலே போனது. எல்லாமே இடது கை.

மிஸ் ஒவ்வொரு பெஞ்சாக ஒரு வலது கையைத் தேடினார். கடைசியில் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். வாழ்க்கையில் ஒரு பாடம் எனக்கு முழுசாகப் புரிந்திருந்த ஒரே நாள். வலது விரல் எரிந்துகொண்டிருந்தது.

நான் இடது கையைத் தூக்கினேன்.

மேடம் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். பொருள்களை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவில்லை என்று. முந்தின நாள் சோதித்ததை நாம அத்தனை பேரும் பார்த்தோம். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. உங்களுக்குப் பயம். எனக்கு என்ன?

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மிஸ் தனியாக நின்றார். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவரே கேட்டார்.

"நீதான கலக்குன. நான் எந்த எடத்துலடா தப்பு பண்ணேன்?"

"தெரியல மிஸ்."

"உப்புதான் சரியில்ல போலருக்கு," என்றார். பஸ் வந்துவிட்டது.

மறுநாள் இரண்டு கடையில் இரண்டு பாக்கெட் உப்பு வாங்கி வந்தார். பார்க்க மேடம் இல்லை, மார்க் இல்லை. நமக்காக மட்டும் திரும்பச் செய்தார். எட்டாவது ஸ்பூன் அடியில் நின்றது. "பாத்தீங்களா, நான் சரியாதான் சொல்லிக் குடுத்தேன்," என்றார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி.

அதற்கப்புறம் நான் பாலிடெக்னிக்கை ரெண்டாம் வருஷத்தோடு விட்டது, ஊர் சுற்றியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது பெரம்பலூரில் ஒரு உரக்கடையில் நிற்கிறேன். போன வாரம் சிறுவாச்சூர்க்காரர் ஒருவர் மீதி உரத்தைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீரில் கரையவே மாட்டேங்குது, கலப்படம் என்று சத்தம் போட்டார். அந்த டிரம்மில் முன்னாடி என்ன போட்டீங்க என்று கேட்டேன். முதல் நாளே பாதி மூட்டையை அதே தண்ணீரில் கொட்டியிருக்கிறார்.

"உரத்துல ஒண்ணுமில்லண்ணே. தண்ணிலதான்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதில்... ஆள் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

மிஸ் இப்போது எங்கே இருக்கிறார், டீச்சர் ஆனாரா, எதுவும் தெரியாது. எங்காவது இந்தப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தால், இன்னமும் இரண்டு கடையில் உப்பு வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவாரோ என்னவோ.