தண்ணீர் ஊற்றிவிட்ட சோறு

ரங்கூனில் கடையும் வீடும் பறிபோக, என் நாத்தனார் சரோஜா ஓர் இரும்பு வாணலியோடு உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டில் சீனாக்காரர்கள் மாதிரி சோறு வறுத்து விற்கப்போவதாகச் சொன்னாள்.

"அத்த எவன் துன்னுவான்? மொதல்ல எனக்குப் பண்ணிக் காட்டு, அப்புறம் கடை போடலாம்" என்றார் அவள் அண்ணன், என் வீட்டுக்காரர்.

"ஆறின சோறுதான் உதிரியா வறுபடும் அண்ணி. மிஞ்சினத அப்படியே வெச்சிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். எங்கள் பக்கம் மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றாமல் யார் படுப்பார்கள்? கைப்பழக்கத்தில் ஊற்றிவிட்டேன்.

காலையில் பானையைத் திறந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வேறு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

"உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே சரோஜா!" என்று அழுதேன்.

அவள் சிரித்தாள். "கடையே போச்சு அண்ணி. இங்க சோறாச்சும் கீதே! இஞ்சி எடு."

சோற்றை அலசி, புதுத் தண்ணீரில் குழையவிட்டு, இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி என்னையே கிண்டச் சொன்னாள். சீனாக்காரர்களின் காலைக் கஞ்சியாம். அவர் குடித்துவிட்டு மறுபடி கிண்ணத்தை நீட்டினார்.

இன்றும் அடுப்படியில் ஏதாவது கெட்டுப்போனால், பானையில் என்ன மிச்சம் இருக்கிறதென்றுதான் முதலில் பார்ப்பேன். பிறகு இஞ்சியைத் தேடுவேன்.