சாமான் அறையில் முளைத்தது

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இராசரத்தினம் அண்ணை பல்ப் விற்று விற்றே தலை நரைத்தவர். குழாய், பூட்டு, துடைப்பம், பெயின்ற் எல்லாம் அவருடைய கடையில் இருந்தன. ஆனால் வாசலுக்கு நேரே இருந்த சுவர் முழுக்கப் பல்புகள்தான். ஒருவர் வந்து பல்ப் கேட்டால் சும்மா எடுத்துக் கொடுக்கமாட்டார். "எந்த அறைக்கு? சமைக்கிற இடமோ, படுக்கிற இடமோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் கை நீளும். நான் அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுபோகிறவன். மழை நாட்களில் அவர் கடைக்குள் ஒதுங்குவேன். அப்படித்தான் பழக்கம்.

எல்.ஈ.டி. வந்த பிறகு சி.எஃப்.எல். என்கிற பழைய சுருள் பல்புகளை வாங்க ஆளில்லாமல் போயிற்று. பெட்டி பெட்டியாக மிஞ்சியதை மேல்மாடியில் வீட்டோடு ஒட்டிய ஜன்னலில்லாத சாமான் அறைக்குள் அடுக்கினார். உள்ளே பாதரசம் இருப்பதால் குப்பையில் போட ஏலாது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடத்துக்குப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி நகுலேஸ்வரி அக்காவுக்கு அந்த அறையை நினைத்தாலே கோபம் வரும்.

அக்காவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஒவ்வொரு வருசமும் குளிர் தொடங்கினால் அவவின் துளசி இலை கொட்டிச் செத்துப்போகும். ஒரு நொவம்பரில், வாடத் தொடங்கிய சட்டியைத் தூக்கிக்கொண்டு அவ சொன்னா: "உங்கடை பல்ப் எல்லாம் சும்மா கிடக்குதுதானே. என்ரை துளசிக்காவது எரியட்டும்."

அவ பகிடியாகச் சொன்னதை அண்ணை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். கடையிலிருந்து ஹோல்டர்களைக் கொண்டுபோய், சாமான் அறையின் தட்டுகளுக்குக் கீழே பழைய சுருள் பல்புகளையும் சில எல்.ஈ.டி. பல்புகளையும் கலந்து பூட்டினார். அணைக்க மறக்காமல் இருக்க ஒரு டைமரையும் போட்டார். துளசி நின்ற இடம் கல்யாண வீடு மாதிரி வெளிச்சமானது.

தை மாதம் ஒரு நாள் நான் தபாலோடு வர, அண்ணை கடை வாசலுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, மேலை வா. ஒரு சாமான் காட்டுறன்."

மேலே போனோம். துளசி கணுவுக்குக் கணு புதுத் தளிர் விட்டிருந்தது. வெளியே தெரு முழுக்க உறைபனி. அவர் பல்பைக் காட்டினார், பிறகு இலையைக் காட்டினார், திரும்பவும் பல்பைக் காட்டினார்.

"இவ்வளவு காலமும் ஆக்களுக்குக் கண் தெரியத்தான் இதை வித்தனான். இது இதைச் சாப்பிடுது, தம்பி. வெளிச்சத்தைச் சாப்பிட்டு இலையாக்குது. பள்ளிக்கூடத்திலை படிச்சனான்தான். ஆனால் படிக்கேக்குள்ளை ஆர் நம்பினது?"

அதற்குப் பிறகு அந்த அறை மாறத் தொடங்கியது. மிளகாய் வந்தது, தக்காளி வந்தது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ருமேனியக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது இரண்டு பட்ஜி கிளிகளைக் கூட்டோடு கொடுத்துவிட்டுப் போனது. அறை வெளிச்சமாகவும் சூடாகவும் இருந்ததால் கிளிகளும் அங்கேயே குடியேறின. கூட்டின் அடித்தட்டில் சேரும் எச்சத்தையும் சிந்திய தீனையும் கூட்டி அள்ளி அண்ணை சட்டிகளுக்குப் போடுவார். நல்ல பசளை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

மிளகாய்ச் சட்டியொன்றின் ஓரத்தில் அது முளைத்தது அப்படித்தான்.

முதலில் அவர் அதைப் புல் என்று நினைத்தார். பிடுங்கக் கை வைத்தவர், தண்டு நேராக நின்ற விதத்தைப் பார்த்து விட்டுவிட்டார். அது வளர்ந்த வேகத்தை என்னால் சரியாகச் சொல்ல ஏலாது. ஒவ்வொரு முறை நான் போகும்போதும் அது வேறு செடியாக நின்றது. மிளகாயை முந்தியது, தக்காளியை முந்தியது. தனிச் சட்டிக்கு மாற்றினார். பல்புகளை மேலே மேலே தூக்கிக் கட்டினார். கை விரித்த மாதிரி இலைகள், ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் அரம் போட்டது போன்ற பற்கள்.

"மரவள்ளிச் சாதி போலை கிடக்கு," என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மரவள்ளி இலையும் கை மாதிரித்தானே விரியும். ஆனால் இந்தச் செடியின் இலைப் படத்தை லண்டனில் எத்தனை ரீசேட்டில் பார்த்திருப்போம்! படத்தில் இருந்தது ஒற்றை இலை, வெறும் அடையாளம். இது எங்களை விட உயரமாக, கொப்பும் கிளையுமாக உயிரோடு நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவேயில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டினால் அண்ணை முன்பு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். இப்போது ஒரு ஸ்ரூலைக் கொண்டுபோய் அந்தச் செடிக்கு முன்னால் இருந்தார். ஒரு நாள் நானும் அவரோடு இருந்தேன். காற்றே இல்லாத அறையில் இலைகள் மெல்லப் பல்பின் பக்கமாக நிமிர்ந்து நின்றன. கோயிலில் திரை விலகக் காத்திருக்கும்போது வாய் தானாகவே மூடிக்கொள்ளுமே, அப்படி இருந்தது.

அவர்களின் மகள் தாரகா மோர்டனில் பல் வைத்தியராக இருக்கிறா. அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தா. அண்ணை அவவின் கையைப் பிடித்துச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். நடந்ததை அக்கா எனக்குப் பிறகு சொன்னா.

தாரகா முதலில் சிரித்தாவாம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, இது என்னெண்டு தெரியுமோ?"

"மரவள்ளிச் சாதி. கிளித் தீனிலை இருந்து முளைச்சது."

"அப்பா, இது கஞ்சா."

"விசர்க் கதை கதையாதை, பிள்ளை."

"யூனிவர்சிற்றியிலை எங்கடை பிளாட்டிலை இருந்தவள் ஒருத்தி அலுமாரிக்குள்ளை வளர்த்தவள். எனக்குத் தெரியும்."

"உங்கடை பிளாட்டிலையோ?"

"அதை விடுங்கோ அப்பா! ஒரு செடி எண்டாலும் குற்றம். இந்த லைட், டைமர் எல்லாத்தையும் பார்த்தால் ஆர் நம்புவினம், கிளித் தீனிலை முளைச்சது எண்டு?"

அண்ணை கோயிலில் அன்னதானத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பியர் போத்தலைக்கூடத் தொடாத மனிசன். "சனம் என்ன கதைக்கும்? இப்பவே பிடுங்கி எறியுங்கோ," என்று அக்கா அழுதா. தாரகா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, துண்டு துண்டாக வெட்டிப் பையில் போட்டுத் தானே கொண்டுபோவதாகச் சொன்னா.

அண்ணை கதவை மறித்துக்கொண்டு நின்றார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவர் அப்படி நின்றதை அக்கா பார்த்ததில்லையாம்.

அடுத்த நாள் நான் போக, கடையில் சாமான் வாங்க வந்த ஆக்கள் ஒருவரும் இல்லை. அவர் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோபத்தையோ வெட்கத்தையோ விட அதிசயம்தான் அவருடைய முகத்தில் அதிகமாக இருந்தது.

"எனக்குச் சட்டம் தெரியும், தம்பி. அகதியா வந்து இறங்கின நாளிலை இருந்து ஒரு பார்க்கிங் தண்டம்கூட நான் வாங்கேல்லை. வைச்சிருக்க ஏலாது, அது சரி. ஆனால் களவா வெட்டிக் குப்பையிலை எறியவும் எனக்கு ஏலாது. அது என்ன பிழை செய்தது? குருவி சிந்தின ஒரு விதை. கீழை என்ரை மண், மேலை என்ரை பல்ப். இவ்வளவையும் கொண்டு அது தன்னைத்தானே கட்டி எழுப்பினது."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"பொலிசுக்குச் சொல்லப்போறன். இருக்கிறபடி சொல்லுறன். நம்பினால் நம்பட்டும்."

தாரகா தொலைபேசியில் எவ்வளவு கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. அவரே பொலிசை அழைத்து, தன் பெயர், விலாசம், செடியின் உயரம் வரை சொன்னார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் இதை வேறு யாராவது வளர்க்கிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். "இல்லை, நான்தான். என்னுடைய வீட்டில்தான்," என்று இவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பொலிஸ் வந்த நாளில் அண்ணை என்னையும் வரச்சொல்லியிருந்தார். வேலை முடிந்து சீருடையோடேயே போனேன். வந்தவர்கள் இரண்டு பேர். நெஞ்சில் கமெராவோடு ஒரு நெடுவலான ஆண், மற்றது ஒரு பொலிஸ்காரி. அக்கா தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டா. அண்ணை முன்னால் நடந்து, சாமான் அறையைத் திறந்தார்.

ஆண் பொலிஸ்காரர் துளசியையும் மிளகாயையும் கிளிகளையும் படம்பிடித்தார். பொலிஸ்காரி நேரே அந்தச் செடியிடம் போனா. உச்சிக் கிளைகளிலிருந்து பச்சை மணிகள் மாதிரிச் சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாகத் தொங்கின. அவ குனிந்து பார்த்துவிட்டு அண்ணையைத் திரும்பிப் பார்த்தா.

"இது எங்கே இருந்து வந்தது?"

அண்ணை கிளிக் கூட்டின் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். தீன் பையைக் கொண்டுவந்து விரித்தார். அதற்குள்ளிருந்த சாம்பல் நிற உருண்டை விதையொன்றை அவ விரலால் எடுத்துப் பார்த்தா. முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"சரி, கொண்டுபோகவேண்டும்," என்றா. "மன்னிக்கவேண்டும்."

"நானே தூக்கித் தரலாமோ?" என்று அண்ணை கேட்டார்.

அவ ஓமென்று தலையசைத்தா. அண்ணை குனிந்து சட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். செடியின் உச்சி ஒரு பல்பின் வயரில் தட்டியது.

அப்போது அது நடந்தது. தொங்கிக்கொண்டிருந்த பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது போல, இளமஞ்சள் புகையொன்று கிளம்பியது. புகை என்றுதான் முதலில் நினைத்தேன். ஏதோ பற்றிவிட்டது என்று பயந்தும் போனேன். ஆனால் அது மேலே போகவில்லை. அத்தனை பல்புகளின் வெளிச்சத்துக்குள்ளும் மினுங்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. நிற்கும், சுழலும், பிறகு மெல்ல இறங்கும். அண்ணையின் தலைமயிரில் இறங்கியது. பொலிஸ்காரியின் கறுப்புச் சட்டையில் இறங்கியது. கிளிகள்கூடச் சத்தத்தை நிறுத்தியிருந்தன. கதவடியில் நின்ற அக்கா, தன்னை அறியாமல் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருந்தா.

சட்டியைப் பிடித்தபடி அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பொலிஸ்காரிதான் முதலில் பேசினா. "இது ஆண் செடி," என்றா, மெதுவாக. "போதைக்கு உதவாது. வளர்க்கிறவர்கள் ஆண் என்று தெரிந்த உடனே வெட்டிவிடுவார்கள். எத்தனையோ வீடுகளில் நான் இதைப் பிடுங்கியிருக்கிறேன். அறை அறையாக. மகரந்தம் இப்படிப் பறந்ததை ஒருமுறையும் பார்த்ததில்லை."

ஆண் பொலிஸ்காரர் தும்மினார். அதோடு எல்லோருக்கும் உயிர் வந்தது.

செடியைப் பெரிய பையில் இட்டுக் கட்டினார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. எச்சரிக்கையும் புத்திமதியும்தான். இனி அந்தத் தீனில் முளைப்பதைச் சின்னதிலேயே பிடுங்கிவிட வேண்டும் என்றார்கள். அண்ணை ஓமென்று சொன்னார். அதைச் செய்தும் வருகிறார். நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது முகம் சுருங்கும். கோயிலில் யாராவது கதைக்க முதல் தானே எல்லோருக்கும் கதையைச் சொல்லிவிட்டார். ஒரு கிழமை சிரித்தார்கள். அன்னதானத்தில் சோறு போட்ட கரண்டியை யாரும் அவர் கையிலிருந்து வாங்கவில்லை. தாரகாதான் நெடுநாள் பேசாமல் இருந்தா. பிறகு ஒரு பிறந்தநாளோடு அதுவும் சரியாயிற்று.

ஆனால் அன்று கண்ட தூசி அண்ணையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தப் பூவைக் கண்டாலும் உள்ளே எட்டிப் பார்ப்பார். பக்கத்திலிருக்கிற வொன்ஸ்ரெட் வெளிகளில் நடக்கப்போனால் புல்லைக்கூடத் தட்டிப் பார்ப்பார். சாமான் அறையில் பாகல் கொடி போட்டார். பூக்கள் வந்தன, காய் வரவில்லை. பூட்டிய அறைக்குள் தேனீ எங்கே வரும்? கடையில் விற்கிற மெல்லிய பெயின்ற் தூரிகை ஒன்றை எடுத்து, ஆண் பூவின் மாவைத் தொட்டுப் பெண் பூவில் தடவினார். "வயசுபோன காலத்திலை சம்பந்தம் பேசத் தொடங்கியிட்டார்," என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தா. மாசி மாதக் குளிரில் பாகற்காய் தொங்கியபோது, அதைக் கறிக்கு வெட்ட விடாமல் காவல் நின்றது அக்காதான்.

சென்ற மாதம் நான் போகும்போது கடை திறந்திருந்தது, கல்லாவில் ஆளில்லை. குழாய்க்கு வோஷர் வாங்க வந்த ஒரு போலந்துக்காரரும், சாவி வெட்ட வந்த ஒரு பெண்ணும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் படியடியில் நின்று கூப்பிட்டேன்.

"வாறன், வாறன்! பெண் பூ ஒண்டு இப்பதான் விரியுது," என்று மேலேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "அவையளையும் கூட்டிக்கொண்டு வா, தம்பி. செருப்பைக் கழட்டத் தேவையில்லை," என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் பின்னால் படியேறி வந்து, அந்த அறையின் வாசலில், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார்கள்.