கண்ணாடியைச் சுரண்டியவள்

தெருவில் எல்லோரும் அவளை ‘கெஜட்’ என்றுதான் சொல்வார்கள். நேரில் பேசும்போது மட்டும் அதோடு ஓர் ‘அக்கா’ ஒட்டிக்கொள்ளும். அவளும் சமையல்காரரான அவள் கணவரும் நடத்திய இடத்தில் உள்ளறை சாப்பாட்டுக்கூடம், தெருவைப் பார்த்த முன்னறை பார். சாப்பாட்டுக்கூடத்தை நம்பி வாடகை கட்ட முடியாது. பார்தான் குடும்பத்தை நிமிர்த்தி வைத்திருந்தது.

கடை திறந்த புதிதில் பார் மூடும் நேரத்தைச் சட்டம் மாற்றியது தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். “எங்ககிட்ட யாரும் சொல்லலையே சார்” என்றார் கணவர். அப்போதிருந்த ஆய்வாளர் சிரித்தார். “சட்டம் என்ன, பத்திரிகை வெச்சு அழைச்சுட்டா வரும்?”

அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. மறுநாள் முதல் காலையில் கண் விழித்ததும் அரசு கெஜட்டில் வந்த அறிவிப்புகளைப் படித்துவிட்டுத்தான் பல் துலக்கினாள். நின்றுகொண்டு குடிக்கக் கூடாது என்றார்கள், நாற்காலி வாங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே நடக்க வழியில்லை என்றார்கள், பாதியை மாடிக்கு ஏற்றினாள். இதைச் சட்டத்தின் மேல் மதிப்பு என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு முறை யாரும் தன்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கக் கூடாது என்ற வைராக்கியம், அவ்வளவுதான். பயத்துக்கும் ஒழுங்குக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்.

பல வருடங்களாக ஒரு விதி இருந்தது. குடிப்பவர்கள் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படக் கூடாது. அதனால் முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் பெயிண்ட். ஒருநாள் காலை அந்த விதி தலைகீழாக மாறப்போவதாக அறிவிப்பு வந்தது. பாருக்குள் நடப்பது இனி தெருவுக்குத் தெரிய வேண்டும்.

அவள் வாளியில் சோப்புத் தண்ணீரும் கையில் பிளேடுமாக வந்து நின்றாள். பார் கவுண்டரைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அவள் போனை வாங்கி அறிவிப்பைப் படித்துப் பார்த்தான்.

“அக்கா, அடுத்த மாசம்தான் அமலுக்கு வருதாம்.”

“அப்ப எல்லாரும் தலைதெறிக்க ஓடுவாங்க. நாம இப்பவே நடந்து போயிடலாம். சுரண்டு.”

சுரண்டினார்கள். முன்னறைக்குள் முதல் தடவையாக வெயில் விழுந்தது. அவர்களுக்கே தெரியாத அழுக்கெல்லாம் மூலையில் தெரிந்தது.

பின்தங்குகிறவர்களைப் பிடிக்கச் சட்டத்துக்குத் தெரியும். தனக்கு முன்னால் ஓடுகிறவர்களை என்ன செய்வதென்று அது யோசித்ததில்லை. ஆகவே அவர்களையும் பிடித்துவிடுகிறது. அந்த வாரமே இப்போதைய ஆய்வாளர் வந்தார்.

“பெயிண்ட் எங்கம்மா?”

“புது விதிப்படி எடுத்துட்டேன் சார்.”

“புது விதி அடுத்த மாசம். இன்னிக்கு நடப்புல இருக்கறது பழசு.”

அவர் கெட்டவர் இல்லை. ஒரு வழியும் சொன்னார். “திரும்பப் பூசிடுங்க. அறியாம நடந்துபோச்சு, வருந்துறேன்னு எழுதிக் குடுங்க. எச்சரிக்கையோட விட்டுடறேன்.”

“பூசிட்டு அடுத்த மாசம் மறுபடி சுரண்டணுமா?”

“ஆமா.”

அவர் சிரிக்கவில்லை. மறுத்தால் புது விதி வரும்வரை சரக்கு அலமாரிக்குச் சீல். லைசன்ஸில் ஒரு கரும்புள்ளியும் விழும். இன்னொரு புள்ளி விழுந்தால் லைசன்ஸே போய்விடும்.

சமையலறையில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். “ரெண்டு வரிதானே? எழுதினா கை தேய்ஞ்சா போயிடும்?”

“மீறினேன்னு எழுதறேன். அது உண்மை. அறியாமன்னு எப்படிங்க எழுதறது? நான் அறிஞ்சது இது ஒண்ணுதான்.”

“பாரை மூடிட்டா? உன் பிடிவாதத்தை வறுத்துத் தட்டுல வைக்கவா?”

“வைங்க. முன்னாடி மேசைல உக்காந்து நானே சாப்பிடறேன். கண்ணாடிதான் பளிச்சுனு இருக்கே, எல்லாரும் பாக்கட்டும்.”

கணவர் அடுத்த வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினார்.

அவள் எழுதிக் கொடுத்தாள். பழைய விதியை மீறியது உண்மை. அறிந்தே செய்தேன். வருத்தம் இல்லை.

ஆய்வாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “கடைசி வரி வேணுமாம்மா?”

“அது இல்லாம மத்ததை எழுதி என்ன சார் புண்ணியம்?”

அலமாரிக்குச் சீல் விழுந்தது. முன்னறையை அவள் மூடவில்லை. பார் மேசைகளில் டீயும் சாப்பாடும் பரிமாறினாள். வழக்கமாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, சீலைப் பார்த்து, அடுத்த பாருக்குப் போனார்கள். தம்பி அந்த மாதம் யாரோ ஒருவருடைய வேனை ஓட்டப் போனான். போகும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கோபம் நியாயமானது. தன் மானத்துக்கு அவனையும் விலை கொடுக்க வைத்திருந்தாள். அதை அவள் மறுக்கவுமில்லை, அதற்காகப் போய்ப் பெயிண்ட் வாங்கி வரவுமில்லை.

புது விதி அமலுக்கு வந்த அன்று தெரு முழுக்கச் சுரண்டும் சத்தம். அவசரத்தில் காய்ந்த பெயிண்டைக் கீறிக் கண்ணாடியெல்லாம் கோடு கோடாகிக்கொண்டிருந்தது. பக்கத்து பார்க்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“கெஜட் அக்கா, அந்த பிளேடு இருக்கா?”

“இருக்கு. முதல்ல சோப்புத் தண்ணி விட்டு ஊற வைங்க. கண்ணாடி உங்களை ஒண்ணும் பண்ணலை.”

மதியம் ஆய்வாளர் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இவள் இடத்துக்கு முன்னால் நின்று, கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி உள்ளே பார்த்தார்.

“இந்தத் தெருவுல உங்க கண்ணாடி ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு.”

“ஒரு மாசமாவே ஒழுங்காத்தான் சார் இருக்கு.”

அவர் கண்ணாடியிலிருந்து கைகளை எடுத்தார். “சாயங்காலம் ஆள் அனுப்பி அந்த சீலை எடுத்துடச் சொல்றேன்.”

“கரும்புள்ளி?”

“அது இருக்கும்மா. அதை எடுக்க விதி இல்லை.”

“இருக்கட்டும். சீலுக்கும் அவசரமில்லை. உள்ள நடக்கறது தெருவுக்குத் தெரியணும்னுதானே புது விதி? சீல் எவ்வளவு நல்லா தெரியுது பாருங்க.”

அவர் அடுத்த இடத்துக்கு நடந்தார். அவள் வெளியே வந்து, கண்ணாடியில் பதிந்திருந்த இரண்டு உள்ளங்கைத் தடங்களையும் முந்தானையால் துடைத்தாள்.