பல் கிளிப்பும் மூன்றாம் ஓலையும்

சின்ன வயதில் என்னைத் தேங்காய்த்துருவி என்று கூப்பிட்ட இரண்டு பேருக்கு மண்டை உடைந்திருக்கிறது. ஒருத்திக்குச் சிலேட்டால், இன்னொருத்திக்குக் கல்லால். என் மேல்பற்கள் உதட்டை மீறி வெளியே நின்றன. கையும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. எங்கள் நைனா சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி மெக்கானிக். வீட்டில் அவருக்குப் பேச்சு குறைவு, அடி அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கிடைத்ததும் வேலூருக்குப் பஸ் ஏறி, பல் டாக்டரிடம் கிளிப் போட்டுக்கொண்டேன். அப்போதெல்லாம் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஒரு ஸ்டீல் வளையம் மாட்டி, சிமெண்ட் வைத்து ஒட்டி, குறுக்கே கம்பி கட்டுவார்கள். மாதம் ஒரு தரம் முறுக்குவார்கள். அடுத்த மூன்று நாளைக்கு இட்லியைக்கூட மெல்ல முடியாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். எட்டாவது மாதம் உதடு தானாக மூடிக்கொண்டது. அன்று கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.

அந்தச் சமயத்தில் திருப்பதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நான் வாயை மூடி எடுத்துக்கொண்ட போட்டோவைப் பார்த்தே சரி என்றுவிட்டார்கள். எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில், அதாவது சர்ச்சில், ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார்; பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவதற்கு மாப்பிள்ளையின் அம்மா நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார்.

நைனாவுக்குக் கிலி பிடித்தது. வாயில் இரும்போடு பெண்ணைக் காட்டினால் ஏதோ சீக்கு என்று நினைப்பார்களாம். பாதியில் எடுக்கக்கூடாது, பற்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன, இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து கட்டிங் பிளேயரோடு வந்தார்.

"எத்தினி மிஷின கழட்டி மாட்டிக்கினு இருக்கேன், இது இன்னா பெரிய சமாசாரம்? வாயத் தெற."

அண்ணன் பின்னாலிருந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கினான். உதைத்தேன். ஓர் அறை விழுந்தது. கம்பி கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்தது. நைனா முன்பல்லின் வளையத்தைப் பிடித்து இழுத்தார். அவர் நினைப்பில் இரும்புதான் கழன்று வர வேண்டும். சிமெண்ட் விடவில்லை. பல்தான் வந்தது, வளையத்தோடும் வேரோடும். அண்ணன் வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தான். நைனா பிளேயரைத் துடைத்துவிட்டு, நாளைக்கு வாயைத் திறக்காமல் உட்கார் என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஓலையை வாசித்து முடித்து, தடை உண்டா என்று ஐயர் கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன்.

"தடை இருக்குது ஐயரே. கட்டிக்கப் போற பொண்ணு நான்தான் சொல்றேன்."

கைக்குட்டையை விரித்துப் பல்லைக் காட்டினேன். திருப்பதியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். நைனா ஆண்கள் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். கடித்தேன். மிச்சமிருந்த பல்லும் வளையமும் கம்பியுமாக, எலும்பு தட்டும்வரை கடித்தேன். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். சம்பந்தம் அன்றோடு போயிற்று. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

வேலூரில் ஒரு ஹாஸ்டலில் இடம் பிடித்துச் சிகிச்சையை முடித்தேன். போன பல்லின் இடத்தில் ஒரு பொய்ப்பல். இப்போது என் வரிசையில் யாரும் குறை சொல்ல முடியாது.

சில வருஷங்கள் கழித்து நைனா இறந்தபோது போனேன். பெட்டியில் அவர் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைக்கச் சொன்னார்கள். வலது கையில் தழும்பு அப்படியே இருந்தது: கோணலாக ஒரு வரிசை, நடுவில் ஒரு பல்லுக்கு இடைவெளி. என் பழைய வாய் அங்கேதான் மிச்சமிருந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி அந்தக் கையை மேலே வைத்தேன்.