கிராபிக்ஸ் கார்டுக்கு விரோதமா நான் செஞ்ச ஜெபம்

கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் சபை முன்னால எந்திரிச்சு நிக்கேன். ஆனா முதல்ல என் கோபத்தைச் சொல்லிக்கிடுதேன். அதை மறைச்சா சாட்சி பொய்யாயிரும்.

எனக்குத் தாராவியில துணிக் கம்பெனியில செக்கிங் வேலை. மக ஏஞ்சல் செம்பூர்ல இன்டீரியர் டிசைன் படிக்கா; இது நடந்தப்போ ரெண்டாம் வருஷம். ஒரு வீட்டோட சுவரு, அலமாரி, வெளிச்சம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, போட்டோ எடுத்த மாதிரி காட்டணுமாம். அவகிட்ட இருந்த பழைய லேப்டாப்புல அந்த சாப்ட்வேரைத் திறந்தா ஃபேன் கத்தும், பிறகு அப்படியே நின்னுரும். போன மழைக்காலத்துல ரெண்டு புராஜெக்ட் குடுக்க முடியல. மூணாவதும் போச்சுன்னா வருஷமே போச்சுன்னு மேடம் சொல்லிட்டாவ. அன்னைக்குப் பிள்ள பையை எறிஞ்சுட்டு, "காலேஜை விடுதேம்மா, கால் சென்டர்ல சேர்ந்துக்கிடுதேன்"ன்னா.

சரி, எப்பாடு பட்டாவது புது லேப்டாப் வாங்குவோம்னு இறங்கினா, ஆளாளுக்கு வக்கீல் ஆயிட்டாவ. கம்பெனியில ஒருத்தி, பேட்டரிதான் முக்கியம்ங்கா. எங்க வீட்டுக்காரர் டிராம்பேயில ஷிப்டு வேலை முடிஞ்சு வந்து, "படிக்கதுக்கு போன் போதாதா?"ங்காரு. தலையில அடிச்சுக்கிட்டேன். ஏஞ்சல் ஒரு தாளுல எழுதித் தந்தா: பதினாறு ஜிபி ரேம், தனியா கிராபிக்ஸ் கார்டு. அதை எங்க கொழுந்தன் தேவராஜுக்கு வாசிச்சேன். மாட்டுங்காவுல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். அவன் சிரிச்சான்.

"மைனி, கார்டெல்லாம் கேம் விளையாடுத பயலுவளுக்கு. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?"

கேம்! அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? எதுத்த வீட்டுப் பையன் கேம் பைத்தியத்துல பரீட்சைக்கே போகாம கிடந்ததை நாங்க தெருவே பாத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து முழங்கால்ல நின்னேன். "ஆண்டவரே, கேமுக்கு உள்ளது எதுவும் என் வீட்டு வாசல்படி மிதிக்கப்பிடாது. லேசா, அடக்கமா, வெள்ளிக் கலர்ல ஒண்ணு தாரும்." மூணு வெள்ளிக்கிழமை இப்படியே ஜெபிச்சேன். கேட்டது அச்சு அசலா கிடைச்சுது. தேவராஜே டப்பாவைக் கொண்டாந்து குடுத்தான்.

நம்ம வீடுகள்ல தையல் மிஷினோ பிரிட்ஜோ, எது வாங்கினாலும் பாஸ்டர் ஐயா வந்து எண்ணெய் பூசி ஜெபிச்ச பிறகுதானே திறப்போம். ஐயா அப்போ ஊர்ல கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தாவ. ரெண்டு நாள்ல வாரேன்னவிய, ரயில் டிக்கெட் கிடைக்காம அஞ்சு நாளாச்சு. டப்பா பீரோ மேல குந்திக்கிட்டிருக்கு. புராஜெக்டுக்கோ பத்து நாள்தான். "பிரிம்மா, பிரிம்மா"ன்னு பிள்ள உயிரை எடுக்கா. "தொட்டே, கையை ஒடிச்சிருவேன்"ன்னு நானும் கத்துதேன். ஒரு டிக்கெட்டு கூடவா உமக்குக் கிடைக்கலன்னு ஆண்டவர்கிட்டயே சண்டை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா வந்தாவ. கூட கிரேஸ் அக்காவும் வந்தாவ. பிரிண்டிங் பிரஸ்ல டிசைன் வேலை பாக்கவிய. ஐயா எண்ணெயில விரலை வைக்கப் போற நேரம், அக்கா டப்பாவுல ஒட்டியிருந்த சீட்டை வாசிச்சுட்டு, "இருங்க ஐயா"ன்னாவ. "ஏட்டி ஏஞ்சல், இதுல தனி கார்டு இல்லியே? ரேமும் பாதிதான். உன் சாப்ட்வேர் இதுல ஓடாதே!"

பிள்ள அழல. என்னைப் பாத்தா. அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

பில்லை எடுத்துப் பாத்தோம். சீல் உடையாம இருந்தா ஏழு நாளுக்குள்ள மாத்தலாம்னு போட்டிருந்துச்சு. அன்னைக்கு ஆறாவது நாள். ஐயா மட்டும் சொன்ன நாள்ல வந்திருந்தா, அந்த ஒண்ணுக்கும் உதவாததைத் திறந்து ஸ்தோத்திரம் பாடியிருப்போம். எந்தத் தாமதத்துக்கு நான் சண்டை போட்டேனோ, அதுக்குள்ளதான் கர்த்தர் எங்களைக் காப்பாத்திக்கிட்டிருந்தாரு.

மறுநாள் காலையில மாட்டுங்காவுக்குப் போனோம். தேவராஜ் இழுத்தான். "சீல் இருக்கு, பில் இருக்கு, மாத்திக் குடு தம்பி. இல்ல, இப்படியே கடைவாசல்ல முழங்கால் போட்டு உனக்காகச் சத்தமா ஜெபிப்பேன்"ன்னேன். பய பயந்துட்டான். அதே விலைக்குத் தனி கார்டு உள்ள போன வருஷ மாடல் ஒண்ணு எடுத்தான். பார்வைக்கு வச்சிருந்தது. மூடியில கீறல், செங்கல் கனம், கீபோர்டுக்கு அடியில சிவப்பு லைட்டு வேற. நான் வேண்டாம் வேண்டாம்னு ஜெபிச்ச அதே கேம் மெஷின்! ஏஞ்சல் அங்கயே உக்காந்து சாப்ட்வேரைப் போட்டா. முன்னால பாதியில நின்னு போற படம், கண்ணு முன்னாலயே முழுசா வந்துச்சு. பிள்ள அப்பதான் அழுதா. நானும் அழுதேன்.

புராஜெக்டைக் குடுத்தா, பாஸ் ஆனா. இப்போ மூணாம் வருஷம் படிக்கா.

எனக்குப் புத்தி வந்தது வேற விஷயத்துல. மூணு வெள்ளி பட்டினி கிடந்தேன், கொழுந்தன்கிட்ட கேட்டேன், கர்த்தர்கிட்ட கேட்டேன். தாளுல எழுதித் தந்த பிள்ளைகிட்ட, இது எதுக்கு மக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. அன்புள்ளவங்களே, அவரை நம்புங்க, தாமதமானாலும் நம்புங்க. ஆனா ஜெபிக்க முன்னால பிள்ளையள்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

இப்போ காலை ஜெபத்துல, உனக்கு வேண்டியதை நீயே சொல்லுன்னு அவகிட்ட விட்டுருதேன். போன வாரம் கண்ணை மூடிக்கிட்டு, "ஆண்டவரே, எங்கம்மாவுக்குக் கோபம் குறையணும்"ன்னா.

ஆமென்னு சொன்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்.