பூட்டின கதவும் தம்பியோட மசோதாவும்

"உள்ள வெச்சுப் பூட்டுறதுக்கு நாங்க என்ன ஆடா, மாடா?"

காலையில ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை. தையல் கம்பெனியில கத்தரியக்கா இதைக் கேக்காத நாளே கிடையாது. துணி வெட்டுற மேஜையில நிக்கிறதால அந்தப் பேருன்னு அவ சொல்லுவா. சூப்பர்வைசரைக் கேட்டா, அவ வாய் வெட்டுற வெட்டாலதான் வந்துச்சும்பான்.

பின்பக்கக் கதவுக்கு வெளிய பூட்டு. ஏன்யான்னு கேட்டா சூப்பர்வைசர் மூக்காலயே பேசுவான்: "துணி காணாமப் போகுதும்ம்மா... உன்னைச் சொல்லல, பொதுவா சொல்றேன்." ஒருநாள் பட்டன் மிஷின் புகைஞ்சு, ஹாலே இருட்டிப்போச்சு. சாவி வாட்ச்மேன் பையில, வாட்ச்மேன் டீக்கடையில. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பொண்ணு ஜன்னல் வழியா குதிச்சு இடுப்பை ஒடச்சுக்கிட்டா. மறுநாள் பாத்தா அதே பூட்டு. எண்ணெய் வேற போட்டு வெச்சிருக்கானுங்க.

கத்தரியக்கா நேரா தம்பிகிட்ட போனா. தம்பி எம்.எல்.ஏ. அவனுக்காக வீடு வீடா ஓட்டுக் கேட்டு செருப்பு தேஞ்சவ அவதான். அவன் மசோதா போடாத விஷயம் உலகத்துல இல்ல. பிள்ளைங்க பை கனமா இருக்கா? மசோதா. ஏரியில சாக்கடை கலக்குதா? மசோதா. பஸ் படி உயரமா இருக்கு, கிழவங்களுக்கு பென்ஷன் பத்தல, லாரியில ஏத்துற மாட்டுக்குக் காத்து வரல, எல்லாத்துக்கும் மசோதா. ஒவ்வொண்ணுக்கும் தெருமுனையில அவன் படம் போட்டு பேனர். அவ்வளவும் சட்டமாயிடுச்சுன்னே அவ நெனச்சுக்கிட்டிருந்தா. மாட்டுக்கே காத்து வாங்கிக் குடுத்தவன், அக்காவுக்குக் கதவு வாங்கித் தர மாட்டானா?

எழுதினான். ஆள் உள்ள இருக்கும்போது கதவைப் பூட்டுற முதலாளிக்கு ஜெயில்னு எழுதினான். அவ ஹால் முழுக்கச் சொல்லி வெச்சா: "வெள்ளிக்கிழமை சபைக்கு வருதுடி, திங்கக்கிழமை பூட்டு இருக்காது பாரு." சூப்பர்வைசர் கையக் கூப்பினான். "வரட்டும்ம்மா, நானே தொறந்து வெச்சு கும்பிடுறேன்."

வெள்ளிக்கிழமை சபை மாடியில, பார்வையாளர் வரிசையில உக்காந்தா. தம்பி எழுந்தான். புகையச் சொன்னான், சாவியச் சொன்னான், குதிச்ச பொண்ணைச் சொன்னான். அவளுக்குக் கண்ணு நெறஞ்சுது. அப்புறம் மந்திரி எழுந்தாரு. குரல்ல தேன் ஒழுகுச்சு: "மாண்புமிகு உறுப்பினரின் உணர்வை அரசு மதிக்கிறது. உரிய நேரத்தில், உரிய முறையில், உரியவர்களோடு பரிசீலிக்கும். ஆகவே மசோதாவைத் திரும்பப் பெறுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

தம்பி சிரிச்சான். "அமைச்சரின் உறுதிமொழியை ஏற்று, திரும்பப் பெறுகிறேன்." சபையே மேஜையைத் தட்டுச்சு.

"ஜெயிச்சாச்சா?"ன்னு பக்கத்துல நின்ன காவலாளியைக் கேட்டா.

"வாபஸ் வாங்கிட்டாரும்மா. அவரு எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா? மாட்டு மசோதா?"

"அதுவும்தான்."

தாழ்வாரத்துல தம்பி ஓடி வந்தான், முகமெல்லாம் பல்லு. "எப்படி அக்கா பேசினேன்? மந்திரியே கை குடுத்தாரு! இத்தனை துறையில மசோதா போட்ட ஆளு இந்தச் சபையிலயே நான் ஒருத்தன்தான், தெரியுமா?"

"அதுல எதுடா சட்டமாச்சு?"

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாது அக்கா. மந்திரியா இல்லாத தனி உறுப்பினர் போடுவாரு, மந்திரி கேப்பாரு, வாபஸ் வாங்கிக்குவாரு. அது இங்க வழக்கம்."

"அந்தப் பொண்ணு இன்னும் படுத்த படுக்கையா கெடக்குறாடா!"

"மெதுவா பேசு, எல்லாரும் பாக்குறாங்க. ஓட்டுக்கு விட்டிருந்தா தோத்திருப்போம்க்கா. அசிங்கமாப் போயிருக்கும்."

அவ குரலைக் கொறைக்கல.

"தோத்திருக்கணும்டா! தோத்திருந்தா, எங்களை உள்ள வெச்சுப் பூட்டுறதுக்கு யார் யார் கையத் தூக்குனாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப ஒருத்தன் பேரும் வெளிய வரல. அந்த நிம்மதியிலதான் மேஜையைத் தட்டுனானுங்க, உன் பேச்சுக்குன்னு நெனச்சுக்காத. திங்கக்கிழமை ஹால்ல அத்தனை பேரும் என் வாயத்தான் பாப்பாளுங்க. என் தம்பி நல்லா பேசுனான்னு சொல்ல மாட்டேன். வாபஸ் வாங்கி, பூட்டுறதுக்குக் கையத் தூக்குனது ஒரே ஒருத்தன், அவன் என் கூடப் பொறந்தவன்னு சொல்லுவேன். அதையும் பேனர் அடிச்சு மாட்டு, போ!"