புடலம் கலந்த எவர்சில்வர்

தரையில் உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தது என் ஓரகத்தியின் கால்தான். காலையில் பின்கட்டுக்குப் போனவர், "யம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றிருந்தார்.

"இன்னாக்கா ஆச்சு?"

"டிரம்மு ஒண்ணுக்கு போவுதுடி!"

சங்கராபுரத்தில் எங்களுடையது இரண்டு குடும்பங்கள் சேர்ந்த வீடு. அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர் கரும்பு வைக்கிறார்; இளையவரான என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மூத்தவர் மனைவிதான் என் ஓரகத்தி. அவரும் நானும் சேர்ந்து ஊறுகாய் போடுகிறோம். கல்வராயன் மலையில் நெல்லிக்காய் வருகிற காலத்தில் வெள்ளிமலைக்குப் போய் மூட்டையாக வாங்கி வந்து, உப்பு நீரில் ஊறப்போட்டு, அதை வைத்து வருஷம் முழுக்க ஓட்டுவோம். முதலில் பீங்கான் ஜாடிகளில்தான் போட்டோம். கோயில் திருவிழாவில் கடை போட்டதிலிருந்து கேட்பவர்கள் ஜாஸ்தியாகிவிட, ஜாடி போதவில்லை. அதனால்தான் கள்ளக்குறிச்சியில் போய், அடியில் குழாய் வைத்துப் பற்றவைத்த ஒரு பெரிய எவர்சில்வர் டிரம் வாங்கினோம். துருவே பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னார். எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்பது எங்களுக்கும் தெரியும்.

அந்த டிரம்மிலிருந்துதான், குழாய்க்குப் பக்கத்தில், ஊசி முனை அளவு ஓட்டை வழியாக, தண்ணீர் மெல்லிய நூலாக வந்துகொண்டிருந்தது.

என் கணவர்தான் ஆணியால் குத்திவிட்டார் என்று ஓரகத்தி முடிவு கட்டினார். "நான் எதுக்கு அண்ணி டிரம்முல ஆணி அடிக்கறேன்? காலண்டர் மாட்டவா?" என்று அவர் கேட்டார். ஆனாலும் ஓரகத்தியின் சந்தேகம் போகவில்லை.

நெல்லிக்காயை அண்டா, குண்டான், பக்கெட் என்று கிடைத்ததில் எல்லாம் மாற்றிவிட்டு, காலி டிரம்மை வேனில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷர். கோபப்படவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து டிரம் மேல் வைத்தார். அது ஒட்டாமல் நழுவிக் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? ஒட்டலை. நயம் ஸ்டீலுங்க இது."

"நயம் ஸ்டீலு ஏங்க ஒழுவுது?" என்றார் ஓரகத்தி.

கடைக்காரர் காந்தத்தை எடுத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; எங்களுக்கு அதுகூடத் தெரியாது. டிரம்மைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

அப்போதுதான் எனக்கு என் தோழியின் ஞாபகம் வந்தது. மணலூர்பேட்டைக்காரி. திருக்கோவிலூரில் என்னோடு பள்ளியில் படித்தவள். நான் பி.காம். முடித்து ஊறுகாய்க்கு வந்தேன். அவள் இன்ஜினியரிங் முடித்து ஒரு சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆலைக்கு வருகிற இரும்பும் பைப்பும் சொன்னபடி இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. போனில் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "உப்பு எவ்ளோ போட்டீங்க?" என்பதுதான். ரெசிப்பியைக் கேட்கிறாள் என்று நினைத்து, நான் மிளகாய்ப்பொடி வரைக்கும் சொல்லிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் அவளும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். டிரம்மை வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலும், சதுரமான ஒரு பேட்டரியும், இரண்டு ஒயரும் எடுத்தாள். டிரம்மை ஓர் இடத்தில் சுத்தமாகத் துடைத்து, பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, ஒரு ஒயரை டிரம்மிலும் இன்னொன்றைச் சொட்டிலும் தொட வைத்தாள். நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். சொட்டு வெளிறிய மஞ்சளாக மாறி, அப்படியே நின்றுவிட்டது.

"அவ்ளோதான். இதுல மாலிப்டினம் இல்ல. இருந்தா செவந்துடும்" என்றாள்.

"இன்னாது? மாலி... புடலமா?" என்றார் ஓரகத்தி.

"மாலிப்டினம், அக்கா. அது ஒரு உலோகம்."

"அதான், புடலம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் புடலம் என்றுதான் பெயர். தோழி இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை அவளே புடலம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"கடைக்காரர் ஏமாத்தலை. இதுவும் நல்ல ஸ்டீல்தான். சோறு குழம்புக்கு இது போதும். எவர்சில்வர் மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பாலேடு மாதிரி இருக்குது. அதுதான் துருவ உள்ள வுடாம காப்பாத்துது. உப்பு இன்னா பண்ணும்னா, அந்த ஏட்டுல பலவீனமான இடம் எதுன்னு தேடிக்கினே இருக்கும். பத்தவெச்ச இடம் கெடச்சா அங்கயே உக்காந்து குடைய ஆரம்பிச்சிடும். புளிப்பும் சேந்தா கேக்கவே வேணாம். ஸ்டீல்ல கொஞ்சம் புடலம் கலந்திருந்தா அந்த மாதிரி லேசுல குடைய முடியாது."

"கொஞ்சம்னா?"

"ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி. தூக்கலா போட வேணாம், ஆனா போட்டது தெரியும்."

ஓரகத்திக்கு அது உடனே பிடித்துப்போனது. பெருங்காயம் என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியும்.

"உங்க மில்லுல எதுக்கும்மா இது? நீங்களும் நெல்லிக்கா ஊறப்போடறீங்களா?"

தோழி சிரித்தாள். "எங்களுக்கு வேற ஸ்டீலு, வேற தொல்லை. பாய்லர்லருந்து நீராவி போற பைப்பு எப்பவும் பயங்கர சூட்டுலயே இருக்குது. சாதா இரும்பா இருந்தா, வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா இளகி, உப்பி, ஒரு நாளு பொளந்துக்கும். குரோமியத்தோட புடலமும் துளி சேத்தா, அந்தச் சூட்டுலயும் வெச்சது வெச்ச மாதிரி நிக்கும். அந்தப் பைப்பு வந்தா துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின் வெச்சுப் பாப்போம். பாக்கறதுக்கு எல்லாப் பைப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும், மாத்தி வெச்சுட்டா எமன்தான். இரும்ப துளைக்கற டிரில் பிட்டுல கூட இது இருக்கும், சூடேறினாலும் மழுங்காம இருக்கறதுக்கு."

இந்த நேரத்தில் எதிர்வீட்டு அம்மா வந்து சேர்ந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர். சீர்ப் பாத்திரங்கள் எல்லாம் வாங்கி, பெயர் வெட்டி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் வாசலில் பேட்டரி வைத்துப் பாத்திரத்தைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இதையும் கொஞ்சம் பாத்து சொல்லும்மா."

தோழி எவ்வளவோ மறுத்தாள். அவர் விடவில்லை. சொட்டு விழுந்தது. மஞ்சள்.

"புடலம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார் ஓரகத்தி, ஏதோ பிறந்ததிலிருந்து அந்த வேலையே செய்பவர் மாதிரி.

எதிர்வீட்டு அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ போலியா? சம்பந்தி வூட்ல இன்னா சொல்வாங்க? சீர்ல ஒரு பாத்திரத்துல கூட புடலம் இல்லன்னா பொண்ண பேச மாட்டாங்களா?"

"அம்மா, தண்ணி மொண்டுக்கினு வர்ற குடத்துக்கு அது எதுக்குங்க?" என்று தோழி கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "என் வூட்டு குக்கர்ல கூட அது கெடையாது!"

அந்த அம்மா சமாதானமாகவில்லை. உடனே பஸ் பிடித்துக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். நான் அவர் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார்.

"இதையும் கொஞ்சம் பாருங்க" என்று தோழியிடம் நீட்டினார்.

கவருக்குள் இருந்தது அவருடைய காலில் இருந்த தகடு. சில வருஷங்களுக்கு முன் கல்வராயன் மலையிலிருந்து பைக்கில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். வளைவு ஒன்றில் பலாப்பழம் ஒரு பக்கம் சாய, பைக்கும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. பலாப்பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. தகடு வைத்து ஸ்குரு முடுக்கினார்கள். எலும்பு கூடிய பிறகு டாக்டர் அதை எடுத்து, கழுவி, இவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில், ஷோகேஸில் இருக்கிறது. எடுத்து உள்ளே வையுங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை.

தோழி அதைத் துடைத்துச் சொட்டு விட்டாள். ஒயரை வைத்ததுதான் தாமதம், சொட்டு செங்கல் நிறமாகச் சிவந்து, அப்படியே கறுத்தது.

"இருக்குது!" என்று ஓரகத்தி கத்திய சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா குடத்தை விட்டுவிட்டார். குடம் என் கையோடு வந்தது.

என் கணவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இந்தத் தெருவுலயே புடலம் வெச்சிருந்த ஆளு நான் ஒருத்தன்தான். இனிமே கொஞ்சம் மரியாதையா பேசுங்க."

"இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள் தோழி. "ஒடம்புக்குள்ள ரத்தமும் உப்புத் தண்ணிதானே? சாதா எவர்சில்வர வெச்சா அங்கயும் குடைய ஆரம்பிச்சிடும். அதனாலதான் எலும்புக்கு வெக்கற ஸ்டீல்ல புடலம் சேக்கறாங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய டிரம் ஒரே மழைக்காலத்தில் ஓட்டையாகிவிட்டது. என் விரல் அளவுகூட அகலமில்லாத இந்தத் துண்டு, அவர் உடம்பின் உப்பில் வருஷக்கணக்கில் ஊறியும், அவர் வேனில் கிளட்ச் மிதித்த மிதிகளையெல்லாம் வாங்கிக்கொண்டும், ஒரு புள்ளிகூட விழாமல் பளபளவென்று திரும்பி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது, உள்ளே அவருக்கு இவ்வளவு நல்ல பொருளைத்தான் வைக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அன்று மாலையே அந்தத் தகட்டை எடுத்து, தலைக்கு அரப்பு போடாத குறையாகத் தேய்த்து, நானே ஷோகேஸில் வைத்தேன்.

எதிர்வீட்டு அம்மா ஒருவழியாகச் சமாதானமானார். மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரத்தின் பின்மூடியில் புடலம் இருக்க வாய்ப்பு உண்டு என்று தோழி சொன்னதுதான் காரணம். கடிகாரத்தை மட்டும் சொட்டு விட்டுப் பார்க்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கும் என்ற நம்பிக்கையே அவருக்குப் போதுமாக இருந்தது.

எங்களுக்குத் தோழி சொன்ன யோசனை, கேட்கவே கசப்பாக இருந்தது. உப்பில் ஊறப்போட, உணவுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் டிரம் போதுமாம். உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொதிக்க வைக்க மட்டும் புடலம் கலந்த ஒரு பாத்திரம் செய்துகொள்ளலாமாம்.

"இவ்ளோ கத கேட்டுட்டு கடைசில பிளாஸ்டிக்கா?" என்று ஓரகத்தி நொந்துகொண்டார். பிளாஸ்டிக் டிரம்தான் வாங்கினோம்.

பாத்திரத்தைக் கடலூரில் ஒரு பட்டறைக்காரரிடம் போனில் சொல்லிச் செய்தோம். பார்சல் வந்த அன்று நான் திருக்கோவிலூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீடு ரகளையாக இருந்தது. தோழி எங்களிடம் விட்டுப்போயிருந்த பாட்டிலையும் பேட்டரியையும் எடுத்து ஓரகத்தியே சோதித்திருக்கிறார். நிறம் மாறவில்லை. போன் ஸ்பீக்கரில் பட்டறைக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"புடலம் போட்டேன் போட்டேன்னு சொன்னீங்களே, எங்கங்க போட்டீங்க? சாம்பார்லயா?"

"யம்மா, நான் புடலங்கா எல்லாம் போடறதில்லம்மா, சத்தியமா!" என்று அந்தப் பக்கம் அந்த மனுஷர் அலறிக்கொண்டிருந்தார்.

நான் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டுத் தோழியைக் கூப்பிட்டேன். "எந்த ஒயரு பாத்திரத்துல இருக்குது? கறுப்பா, செவப்பா?" என்று கேட்டாள். கறுப்பு. மாற்றி வைக்கச் சொன்னாள். வைத்தோம். சொட்டு செங்கல் நிறத்துக்கு மாறியது.

ஓரகத்தி புடவைத் தலைப்பால் அந்தக் கறையைத் துடைத்தார்.

"நீ பேசுடி அந்தாளுகிட்ட."

"திட்டினது நீங்க, நான் எதுக்குப் பேசணும்?"

அவரேதான் பேசினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. உங்கள் வீட்டில் காரம் ஜாஸ்தியாகச் சாப்பிடுவீர்களா, கம்மியாகச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். கம்மி என்றார் அவர். அந்தப் பாத்திரத்தில் முதல் முறையாகக் காய்ச்சிய ஊறுகாய் அப்படித்தான் காரம் கம்மியாகக் கடலூருக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்துவிட்டார்களாம், அடுத்தது கொஞ்சம் காரமாகவே இருக்கட்டும் என்றார்.